அம்மி நகர்கிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நிதானமாக இரண்டு முறை படித்தேன். பிறையில் குடியிருந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில்முறைத் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். அதில் ஆடிட் (தணிக்கை) பேப்பரை 4 முறை எழுதி 41, 46, 45, 46 என்று வாங்கியிருக்கிறீர்கள். தேர்ச்சிக்கு 50 வேண்டும். முதல் முறை வாரத்துக்கு 8 மணி நேரம் படித்தவர் இப்போது 20 மணி நேரம் படிக்கிறீர்கள். அப்பா, "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், விடாதே" என்கிறார். நண்பர் கல்லூரியை மாற்றச் சொல்கிறார். மனைவி, பிள்ளை பிறக்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்கிறார். விடாமல் போவதா, வழியை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்கள் கேள்வி அதைவிடக் கொஞ்சம் ஆழமானது. தோற்றது உழைப்பு போதாமலா, உழைக்கிற முறை சரியில்லாமலா என்பது உழைத்துக்கொண்டிருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கையில் இருப்பது 50க்குக் கீழே ஓர் எண் மட்டும். இரண்டு காரணத்துக்கும் அதே எண்தான் வரும்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 22 ஆண்டுகளாக இந்த ஒரு பேப்பரைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் 6 ஆண்டுகள் ஆடிட் வேலை பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் பேப்பரின் பெயரும் குறியீடும் மாறியிருக்கின்றன, கேட்பதன் சாரம் மாறவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ரிப்பீட் எழுதுகிறவர்கள். அதனால் உங்கள் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் ஆண்டுதோறும் கேட்கிறேன். நான் மனவியல் படித்தவள் அல்ல. என் வகுப்பில் கண்டதை உறுதியாகச் சொல்வேன். ஆய்வில் படித்ததை ஆய்வு என்றும், என் ஊகத்தை ஊகம் என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். 46க்கும் 45க்கும் இடையே எந்த அர்த்தமும் தேடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு கேள்வித்தாள், வேறு திருத்துநர், உங்கள் உடம்பும் அன்று வேறு. இரண்டு மூன்று மதிப்பெண் அந்த ஆட்டத்திலேயே போய்விடும். ஆக, ஒரே ஒரு தோல்வியை வைத்து வழி தவறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டாவது தோல்விக்குக்கூட நான் அவசரப்பட மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கில் வேறொன்று இருக்கிறது. உழைப்பு இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறது, மூன்று தேர்வாக எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உழைப்பு ஏறும்போது விளைவு அசையாமல் நின்றால், அந்த உழைப்பு விளைவைத் தொடவே இல்லை என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. தீர்ப்புக்கு மதிப்பெண் போதாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்பா சொன்ன பழமொழி பொய் இல்லை. அம்மி நகரத்தான் செய்யும். ஆனால் நகர்கிறதா என்று தெரிய, தொடங்குவதற்கு முன் தரையில் ஒரு கரிக்கோடு போட்டிருக்க வேண்டும். கோடு இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தால் கை வலிப்பதை வைத்துத்தான் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். படிப்பில் பெரும்பாலானோர் செய்வது அதுதான். இவ்வளவு களைத்திருக்கிறேன், ஆகவே முன்னேறியிருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? மொத்த மதிப்பெண்ணில் போட்டால் பயன் இல்லை. அது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற எண், அதுவும் எதனால் வந்தது என்று சொல்லாத எண். ஏ.சி.சி.ஏ. விடைத்தாளைத் திருப்பித் தருவதும் இல்லை. கோட்டைத் தவறுகளின் மேல் போட வேண்டும். இந்தப் பேப்பரில் மதிப்பெண் போகும் வழி, நான் பார்த்த வரையில், மூன்றே வகைதான். விஷயம் தெரியாமல் போவது ஒன்று. விஷயம் தெரிந்தும், கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுவது இன்னொன்று. தெரிந்து, கேட்டதையும் புரிந்துகொண்டு, நேரம் போதாமல் விடுவது மூன்றாவது. முதல் வகைக்குத்தான் கூடுதல் மணி நேரம் படிப்பது மருந்து. மற்ற இரண்டுக்கும் நீங்கள் 20 மணி நேரத்தை 40 ஆக்கினாலும் ஒன்றும் நடக்காது. உழைப்பைக் கூட்டும்போது உங்கள் தவறுகள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு இடம் மாறிக்கொண்டே வந்தால், எண் ஏறாவிட்டாலும் அதே வழியில் போங்கள், அம்மி நகர்கிறது. போன முறை செய்த அதே தவறு இந்த முறையும் அதே இடத்தில் இருந்தால் வழியை மாற்றுங்கள். வழியை மாற்றும் நேரம் எது என்று யார் கேட்டாலும், 22 ஆண்டு அனுபவத்தில் நான் முழு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிள்ளானிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஆடிட் அலுவலகத்தில் வேலை, கெட்டிக்காரி, மூன்று முறை தோற்றவள். அவளைவிட அதிகமாகப் படித்த மாணவியை அந்த ஆண்டு நான் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், கடைவீட்டு மாடியில் வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகு, அவளை உட்காரவைத்து ஒரு கேள்வியை எழுதச் சொன்னேன். பக்கத்திலேயே கடிகாரத்தோடு உட்கார்ந்துகொண்டேன். மூவாரில் மரச்சாமான் செய்யும் ஒரு கற்பனை நிறுவனம். ஐந்து கிடங்குகளில் சரக்கு, ஆண்டுக் கடைசி நாளில் ஐந்திலும் ஒரே நேரத்தில் ஸ்டாக் கணக்கெடுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்புதான் கணக்கு மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். நிதி இயக்குநருக்கு லாபத்தை வைத்து போனஸ். இதில் 8 ஆடிட் ரிஸ்க்குகளை, அதாவது கணக்கில் பிழை இருந்தும் ஆடிட்டர் கண்ணில் படாமல் போகக்கூடிய இடங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஆடிட்டர் என்ன செய்வார் என்று விளக்க வேண்டும். 16 மதிப்பெண். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். ஆக, இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 29 நிமிடம்.

அவள் பேனாவை எடுத்தவுடனே எழுதத் தொடங்கினாள். ஆடிட் ரிஸ்க் என்றால் என்ன, அதன் மூன்று பகுதிகள் எவை, ஒவ்வொன்றின் இலக்கணம் என்ன, சூத்திரம் என்ன என்று முத்து முத்தான கையெழுத்தில் ஒரு முழுப் பக்கம். கடிகாரத்தைப் பார்த்தேன், 12 நிமிடம் போயிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. அப்புறம்தான் மரச்சாமான் நிறுவனத்துக்கு வந்தாள். ரிஸ்க்குகளை நன்றாகவே கண்டுபிடித்தாள். ஆடிட்டர் என்ன செய்வார் என்ற இடத்தில், "நிறுவனம் ஸ்டாக் கணக்கெடுப்பை முறையாகத் திட்டமிட வேண்டும்" என்று எழுதினாள். "புதிய மென்பொருளுக்கு ஊழியர்களைப் பழக்க வேண்டும்" என்று எழுதினாள். எல்லாம் நல்ல யோசனைகள், எல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியவை. ஆடிட்டர் செய்ய வேண்டியது வேறு: அதிகச் சரக்கு இருக்கிற கிடங்குகளைத் தேர்ந்து நேரில் போய் நின்று, தானே சிலவற்றை எண்ணி ஒப்பிடுவது. பழைய மென்பொருளின் கடைசி இருப்பும் புதியதின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது. ஏ.சி.சி.ஏ. வெளியிடும் தேர்வாளர் அறிக்கைகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆறாவது ரிஸ்க்கில் நேரம் முடிந்துவிட்டது. நான் திருத்திப் பார்த்தேன், 16க்கு 6.

"டீச்சர், நான் எழுதியதில் எது தப்பு?" என்று கேட்டாள். எதுவுமே தப்பில்லை. அதுதான் சங்கடம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவள் அந்த இலக்கணப் பக்கத்தை மறுபடி மனப்பாடம் செய்திருக்கிறாள். உழைப்பு கூடக் கூட அந்தப் பக்கம் மெருகேறியது, மதிப்பெண் இருந்த இடத்தில் இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம், கமா முதற்கொண்டு, நான் வகுப்பில் சொல்லி எழுதவைத்த குறிப்பு. ஒன்பது ஆண்டுகளாக அதே குறிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன், தேர்ச்சி குறைந்தபோதெல்லாம் குறிப்பை இன்னும் தடிமனாக்கினேன். நானும் அவளைப் போலவே தவறான இடத்தில் உழைப்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அன்று கொம்யூட்டர் ரயில் ஏற அவளை கே.எல். சென்ட்ரல்வரை நடத்திக் கூட்டிப்போனேன். வழியில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

ஏன் உள்ளே இருப்பவருக்கு இது தெரிவதில்லை என்று அப்புறம் தேடிப் படித்தேன். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற அமெரிக்க மனவியலாளர் 1942இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மூன்று ஜாடிகள் தருவார். ஒன்றில் 21 அளவு தண்ணீர் பிடிக்கும், அடுத்ததில் 127, கடைசியில் 3. சரியாக 100 அளவு எடுக்க வேண்டும். பெரிய ஜாடியை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரண்டு முறையும் கழித்தால் 100. இதே முறையில் தீர்கிற கணக்குகளை அடுத்தடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டு, 23, 49, 3 அளவு ஜாடிகளைக் கொடுத்து 20 எடுக்கச் சொன்னார். பழகியவர்களில் பெரும்பாலோர் 49லிருந்து 23ஐயும் இரண்டு மூன்றுகளையும் கழித்துக்கொண்டிருந்தார்கள். 23லிருந்து 3ஐ எடுத்தால் 20 என்பது கண்ணில் படவில்லை. பழக்கம் இல்லாமல் நேராக இந்தக் கணக்குக்கு வந்தவர்களுக்கு அது எளிதாகப் பட்டது. அதன் பிறகு வந்தது இன்னும் கவலைக்குரியது: 28, 76, 3 அளவு ஜாடிகளில் 25 எடுக்க வேண்டும். இங்கே பழைய முறை வேலையே செய்யாது, 42தான் வரும். 28லிருந்து 3ஐக் கழித்தால் போதும். பழகியவர்களில் பலர் இதைத் தீர்க்க முடியாமல் நின்றுவிட்டார்கள். ஒரு முறை வேலை செய்ததாலேயே, வேலை செய்யாத இடத்திலும் அது நம்மைப் பிடித்துவைக்கிறது.

2008இல் சதுரங்க வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இதையே வேறு விதமாகக் காட்டியது. பழக்கமான ஒரு தீர்வு கண்ணில் பட்டபின், "இதைவிட நல்ல நகர்த்தலைத் தேடுகிறேன்" என்று அவர்கள் மனமாரச் சொன்னார்கள். கருவி வைத்துக் கண்ணின் போக்கை அளந்தபோது, பார்வை அந்தப் பழைய தீர்வின் கட்டங்களையே சுற்றி வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடுவதாக உண்மையாகவே நம்பினார்கள். அதனால்தான், உங்கள் வழி சரியா என்று நீங்களே மனத்துக்குள் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வதை நான் நம்புவதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, நீங்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். விடையை மட்டும் பார்த்தால் போதாது, எழுதும்போது பார்க்க வேண்டும். அந்த ஆள் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. போன ஆண்டு தேறிய ஒரு நண்பர் போதும்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நல்ல வழி தொடக்கத்தில் மோசமாகத் தெரியும். இதற்கு உறுதியான சான்று உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களில் அது தலைகீழாக இருந்தது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நீங்கள் பேருந்தில் விரிவுரை வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பார்த்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வு நிஜம், ஆனால் அது ஐந்து நிமிட உணர்வு. தேர்வு ஒரு வாரத்துக்கு அப்பால் இருக்கிறது.

நான் குறிப்பு சொல்வதை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு கேள்வியைக் கடிகாரம் வைத்து எழுதவைக்கத் தொடங்கியபோது இதை நேரில் பார்த்தேன். முதல் மாதம் எல்லாருக்கும் எண் இறங்கியது. இரண்டு பேர் நோட்ஸ் தரும் இடமாகப் பார்த்துப் போய்விட்டார்கள். நானும் பழையதற்கே திரும்பிவிடலாமா என்று பல இரவுகள் யோசித்தேன். அப்போது எண்ணைப் பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன். தவறுகளைப் பார்த்ததால்தான் நின்றேன்: கேட்காததை எழுதுவது ஆறாவது வாரத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, அதற்குப் பதிலாக நேரம் போதவில்லை என்ற தவறு வந்தது. தவறு இடம் மாறியது. அடுத்த தேர்வில்தான் எண் ஏறியது. கிள்ளான் பெண் 57 வாங்கினாள்.

இதற்கு நேர் எதிர் நோயும் உண்டு. செந்தூலிலிருந்து ஒருவர் வந்தார், நான்கு தேர்வுக்கு நான்கு கல்லூரி, நான்கு வித மூலநூல், ஒருமுறை தனியாகவே படித்தார், ஒருமுறை குழுவாகப் படித்தார். ஒவ்வொரு வழியும் அந்த முதல் மாத இறக்கத்துக்கு வந்ததும் விட்டுவிட்டார். எந்த வழி அவருக்கு ஒத்துவரும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒன்றுகூட சோதித்து முடிக்கப்படவில்லை. அவருக்கு நான் சொன்னது உங்களுக்குச் சொல்வதற்கு நேர்மாறு: பிடித்ததை எட்டு வாரம் விடாதீர்கள். எட்டு என்ற எண்ணுக்கு எந்த ஆய்வும் துணை இல்லை, என் வகுப்பில் தவறுகள் இடம் மாற எடுத்துக்கொண்ட காலத்தை வைத்துச் சொல்வது. ஆனால் எத்தனை வாரம் என்பதையும் எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதையும் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதியில் முடிவு செய்தால் களைப்புதான் முடிவு செய்யும்.

எவ்வளவு மாற்றுவது என்பதற்கு உங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பினாங்கு கொடிமலைக்கு ரயில் விட 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனியார் முயற்சி நடந்தது. பாதை போட்டும் தொழில்நுட்பக் கோளாறால் அது ஓடவில்லை. மலை ஏற வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை, இயக்கும் முறையைத்தான் மாற்றினார்கள். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களைப் பார்த்து வடிவமைத்த இழுவை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டிய அந்தப் பாதையை 2010இல் மூடி, 2011இல் மாறாமல் நேரே ஏறும் வண்டியாகத் திறந்தார்கள். ஆனால் ஒரு வண்டி இறங்க, கம்பிவடத்தின் மறுமுனையில் இன்னொன்று ஏறும் என்ற அடிப்படை 1923இல் இருந்தபடியே இன்றும் இருக்கிறது. வேலை செய்ததைத் தொடவில்லை. உங்களிடமும் வேலை செய்வது நிறைய இருக்கிறது. 46 வாங்கியவருக்குப் பாடம் தெரியவில்லை என்று நான் நம்பமாட்டேன். வாரம் 20 மணி நேரம் உட்காரும் பழக்கம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அதைக் கலைக்காதீர்கள். அந்த 20இல் 12 மணி நேரத்தைப் படிப்பதிலிருந்து எடுத்து, எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்கும் கொடுங்கள். வேறு எதையும் இப்போது மாற்ற வேண்டாம், மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

அதனால் நண்பர் சொன்ன கல்லூரி மாற்றத்தை இப்போதைக்கு ஒத்திவைப்பேன். இடம் மாறினாலும் நீங்கள் செய்யப்போவது மறுபடி கேட்பதும் படிப்பதும்தான் என்றால், காசுதான் செலவாகும். மனைவி சொன்னதில் நான் அதிகம் யோசித்தேன். அவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது, அவர் அதை அறிந்து சொன்னாரா என்று தெரியாது. இந்தத் தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை வருகிறது. எழுதி ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து முடிவு வரும், உடனே அடுத்ததற்குப் பதிய வேண்டும், தேர்வுக்கு ஏழெட்டு வாரம்கூட இருக்காது. தோற்ற வருத்தத்தோடு பதிந்து, யோசிக்க நேரமே இல்லாமல் பழைய வழியிலேயே ஓடுகிறோம். நாட்காட்டியே நம்மை மாறவிடாமல் வைத்திருக்கிறது. அதோடு, உங்கள் தொழிற்சாலைக்கு டிசம்பரில் கணக்காண்டு முடிகிறதென்றால் ஜனவரி, பிப்ரவரி முழுக்க குளோசிங் வேலையாக இருக்கும். மார்ச் தேர்வில் தோற்றதற்கு வழியைக் குறை சொல்வது நியாயம் இல்லை, அது தூக்கமில்லாத தேர்வு. உங்கள் நான்கில் எது மார்ச் என்று பாருங்கள், அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கணக்கில் எடுங்கள். ஒரு தேர்வை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது பின்வாங்குவது ஆகாது. குழந்தை பிறக்கிற மாதங்களில் வீட்டில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதும் என் தனிப்பட்ட ஆசை.

கடிதத்தின் கடைசி வரியில், "இது எனக்கு எழுதிவைக்கவில்லையோ" என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், நான்கு எண்களைப் பார்த்து யாரும் சொல்லவும் கூடாது. வழியை மாற்றுவதும் இலக்கை மாற்றுவதும் வெவ்வேறு கேள்விகள். முடிவு வந்த வாரத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இலக்கை விட்டவர்களில் சிலரை நான் மனமார வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்குத் தேர்வு பிடிக்காமல் போனதால் அனுப்பவில்லை. தேறினால் செய்ய வேண்டிய வேலையே தங்களுக்கு வேண்டாம் என்று அவர்களுக்குத் தெளிந்திருந்தது. உங்கள் எழுத்தில் அந்த வெறுப்பு எனக்குத் தெரியவில்லை. மாதாந்திர கணக்கு முடிப்பதில் ஒரு தவறைக் கண்டுபிடித்ததைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தீர்கள், கேட்காமலேயே. அதைச் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். பழைய தேர்வுகளிலிருந்து 20 மதிப்பெண் கேள்வி ஒன்றை எடுத்து, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 36 நிமிடம் எழுதுங்கள். மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்துங்கள். அப்புறம் விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: தெரியாதது, கேட்காதது, நேரமில்லாதது. எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, தேதி போட்டு வையுங்கள். உங்கள் கரிக்கோடு அதுதான். முடிந்தால், எழுதும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எந்த வரியில் இருந்தீர்கள் என்று இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, பெயரை மறைத்துவிட்டு, தாளைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். நான் திருத்தித் தருகிறேன். முதலில் அந்தப் புள்ளிகளைத்தான் பார்ப்பேன்.